கரை இல்லாத கடல்

ஆறாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள் அறிவியல் நோட்டில் ஆக்டோபஸ் வரைந்திருந்தாள். ஆசிரியர் அதைச் சிவப்பு மையில் சுழித்து ஓரத்தில் 8 என்று எழுதியிருந்தார். அவள் போட்டிருந்தது ஆறு கால். "டிவில ஆறுதான் மாமா இருக்கு, நீயே எண்ணிப் பாரு" என்று வழக்கை என்னிடம் கொண்டுவந்தாள். எண்ணிப் பார்த்தேன். ஆறுதான்.

வழக்கில் சிக்கியவன் ஸ்குவிட்வர்ட். ‘ஸ்பாஞ்ச்பாப் ஸ்கொயர்பேன்ட்ஸ்’ தொடரில் நாயகனுக்கு அடுத்த வீட்டுக்காரன், சிடுமூஞ்சி, கிளாரினெட் வாசிப்பவன். பெயரில் கணவாய் இருக்கிறது, ஆளோ ஆக்டோபஸ். எட்டுக் காலும் வரைந்தால் உருவம் பாரமாகிவிடும் என்று தொடரை உருவாக்கிய ஸ்டீபன் ஹில்லன்பர்க் இரண்டைக் கழித்துவிட்டார். பள்ளி நாட்களில் மாலை மாலையாக அதே தொடரின் முன்னால் உட்கார்ந்திருந்த நான் ஒருமுறைகூட அந்தக் கால்களை எண்ணியதில்லை. அந்த வெட்கத்தில்தான் முதல் மூன்று பருவங்களை மறுபடி பார்க்க ஆரம்பித்தேன். 1999 முதல் 2004 வரை, ஹில்லன்பர்க் தானே முன்னின்று நடத்திய பகுதி அது.

நாங்கள் பார்த்த இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் சத்தியவேடு பக்கம். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி, படாஸ்கர் எல்லைத் தீர்ப்பின்படி திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஈடாகப் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் வடகோடிக் கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. அப்படிப் போன மண் எங்களுடையது. வீட்டுக்குள் தமிழ், பஸ் போர்டில் தெலுங்கு. 2008இல் இதே வட்டாரத்தில் ஸ்ரீ சிட்டி தொழில்நகரம் எழுந்தது. நிலம் அப்போது சித்தூர், நெல்லூர் என்று இரண்டு மாவட்டங்களில் கிடந்தது. 2022இல் மாவட்டங்களைப் பிரித்தபோது எல்லாம் திருப்பதி மாவட்டமாயிற்று. நான் கார்ட்டூன் பார்த்த காலத்தில் அங்கே கம்பெனி பஸ்கள் இல்லை. புதர்க்காடும் ஏரிப் பாசன வயலும்தான்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று சுட்டி டிவி வர 2007 ஏப்ரல் ஆயிற்று. டோராவும் ஜாக்கி சானும் தமிழ் பேசத் தொடங்கியது அதில்தான். பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பிள்ளைகளுக்கு 2009இல் குஷி டிவி வந்தது. அதற்கு முன் எங்கள் கேபிளில் வந்த கடல் கார்ட்டூன் ஆங்கிலம் பேசியதா, இந்தி பேசியதா என்றுகூட இன்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். வசனம் பிடிபடாததால் உடம்புகளைப் பார்த்தோம்: நீர் குடித்து உப்பும் சதுரம், கல்லுக்கு அடியில் தூங்கும் நட்சத்திரம், காசைக் கண்டால் கண் நீளும் நண்டு. அது நஷ்டம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. இந்தத் தொடரின் அறிவு முழுவதும் உடம்புகளில்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

*

ஹில்லன்பர்க் ஓவியர் ஆவதற்கு முன் வாத்தியார். 1980களின் நடுவில் கலிஃபோர்னியாவின் டானா பாயின்ட் என்ற கரையோர ஊரில், ஒரு கடல்சார் கல்வி நிலையத்தில் பிள்ளைகளுக்குக் கடலுயிரியல் சொல்லிக்கொடுத்தார். வற்றம் இறங்கியதும் பாறைக் குழிகளில் நீர் தேங்கி நிற்கும். அந்தக் குழிகளில் மாட்டிக்கொண்ட உயிர்களைக் காட்டிப் பாடம் நடத்த ஒரு சித்திரக்கதைப் புத்தகம் போட்டார். அதில் கதை சொல்லியாக வந்தது ஒரு பஞ்சுயிரி. இயற்கையில் உள்ளதுபோல உருண்டு திரண்ட ஒழுங்கற்ற வடிவம். பிறகு கலைக்கல்லூரியில் அசைவுச் சித்திரம் படித்து, 1990களின் பிற்பகுதியில் தொடருக்குத் திட்டம் போட்டபோது அந்த உருண்டையைப் பாத்திரம் தேய்க்கும் சதுரப் பஞ்சாக மாற்றினார். கடலில் சதுரப் பஞ்சுயிரி கிடையாது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆறு கால் ஆக்டோபஸைப் போலவே இதுவும் தெரிந்தே செய்த பிழை. 1999 மே 1 அன்று முதல் அத்தியாயம் அமெரிக்காவில் ஒளிபரப்பானது. நிக்கலோடியன் இந்தியாவுக்கு வந்ததும் அதே ஆண்டுதான்.

மேல்நிலை வகுப்பு விலங்கியல் புத்தகத்தின் வகைப்பாட்டுப் பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு பாத்திரங்களை அடுக்கிப் பார்த்தேன். துளையுடலிகளுக்கு நாயகன் ஸ்பாஞ்ச்பாப். குழியுடலிகளுக்கு அவன் வலை வீசிப் பிடித்துப் பிடித்து விடும் ஜெல்லி மீன்கள். மெல்லுடலிகளுக்கு ஸ்குவிட்வர்டும், பூனையைப்போல மியாவ் என்னும் கேரி நத்தையும். கணுக்காலிகளுக்கு முதலாளி க்ராப்ஸ் நண்டும் அவருடைய பரம எதிரி பிளாங்க்டனும். முட்தோலிகளுக்கு நட்சத்திரமீன் பேட்ரிக். பாலூட்டிகளுக்கு ஒரு திமிங்கிலப் பெண்ணும், பிளாஸ்டிக் குமிழுக்குள் காற்று அடைத்துக் குடியிருக்கும் ஓர் அணிலும். மனப்பாடம் செய்து தேர்வில் கொட்டிவிட்டு வந்த தொகுதிகளெல்லாம் ஒரே தெருவில் குடியிருந்திருக்கின்றன. கதையில் திமிங்கிலம் நண்டின் மகள். எப்படி என்று யாரும் விளக்குவதில்லை. கேட்காமல் இருப்பதே நல்லது.

உள்ளே போகப் போக வாத்தியார் தெரிகிறார். பேட்ரிக் மண்டையில் ஒன்றுமில்லாதவன் என்பது தொடரின் நிரந்தர நகைச்சுவை. நட்சத்திரமீனுக்கு மூளை கிடையாது. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையமும் கைக்கொரு நரம்பும்தான். பிளாங்க்டனுக்கு ஒற்றைக் கண். கடலில் கோடானுகோடியாக மிதக்கும் துடுப்புக்காலிகள் என்ற சின்னஞ்சிறு உயிர்களுக்கு உண்மையிலேயே நெற்றி நடுவில் ஒரே கண் உண்டு. குழந்தைகளுக்கு வில்லன் என்று புரிந்தால் போதும் என்று நினைக்கும் எவரும் அந்தக் கண்ணை இத்தனை சரியாக வைத்திருக்க மாட்டார்.

நாயகனின் உடம்புதான் எல்லாவற்றிலும் விசித்திரம். பஞ்சுயிரிக்கு வாய் இல்லை, வயிறு இல்லை, நரம்பு இல்லை. உடம்பெங்கும் நுண்துளைகள். உள்ளே சாட்டை போன்ற இழை முளைத்த செல்கள் ஓயாமல் அடித்து நீரை இழுக்கும். நீரோடு வரும் துகள்களைப் பிடித்துக்கொண்டு மிச்ச நீரை மேலே உள்ள பெரிய துளை வழியாக வெளியே விடும். அமெரிக்க விலங்கியலாளர் எச். வி. வில்சன் 1907இல் ஒரு சிவப்புப் பஞ்சுயிரியை மெல்லிய பட்டுத் துணியில் வைத்துப் பிழிந்தார். செல் செல்லாகப் பிரிந்து கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் விழுந்தது. பிரிந்த செல்கள் மெல்ல ஊர்ந்து ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து மறுபடி பஞ்சுயிரிகளாகிவிட்டன. ஸ்பாஞ்ச்பாப் நொறுங்கியும் கிழிந்தும் துண்டாகியும் அடுத்த காட்சியில் முழுசாக நிற்பதைப் பார்த்துச் சிரித்தபோது அது கார்ட்டூன் பொய் என்றுதான் எண்ணியிருந்தோம். அவன் விஷயத்தில் அது பொய்யே இல்லை.

கடன் திருப்பியும் அடைந்திருக்கிறது. மலேசியாவின் சரவாக் காட்டில் கிடைத்த ஓர் ஆரஞ்சு நிறக் காளான், பிழிந்தால் நீர் விட்டு மறுபடி பழைய வடிவத்துக்கே உப்பியதால், 2011இல் அதை விவரித்த ஆய்வாளர்கள் அதன் இனப்பெயராக ஸ்கொயர்பேன்ட்ஸையே லத்தீனாக்கி வைத்துவிட்டார்கள்.

நம் கடலில் பஞ்சுயிரிகள் இல்லாமல் இல்லை. மன்னார் வளைகுடாவின் முத்துப்பாருகளை ஆராய 1902இல் இலங்கைக்கு வந்த விலங்கியலாளர் ஹெர்ட்மன் அள்ளிச் சென்ற பஞ்சுயிரிகளை ஆர்தர் டென்டி வகைபிரித்து 1905இல் பெரிய அறிக்கையாக வெளியிட்டார். பின்னாளில் மண்டபத்தில் இயங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பி. ஏ. தாமஸ் பல ஆண்டுகள் உழைத்து மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா இனங்களைப் பட்டியலிட்டார். அந்த உழைப்பு நூலக அலமாரியிலேயே தங்கிவிட்டது. எங்கள் தலைமுறைக்குப் பஞ்சுயிரி என்றால் மஞ்சள் சதுரம்.

*

‘கடல் சாகசம்’ என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த தொடரில் சாகசம் எவ்வளவு குறைவு என்பது மறுபார்வையில் வியப்பாக இருந்தது. அது பெரும்பாலும் வேலைக்குப் போகிறவனின் கதை. காலையில் மணியடித்து எழுகிறான், ஓடுகிறான், க்ராப்ஸ் முதலாளியின் உணவுக்கடையில் அடுப்பின் முன் நிற்கிறான், பர்கருக்கான பேட்டியைத் திருப்பிப் போடுகிறான். ஹில்லன்பர்க்கே இளமையில் மெய்ன் மாநிலத்தில் ஒரு கடலுணவுக் கடையில் அடுப்படி வேலை பார்த்தவர். பஞ்சுயிரி வாழ்நாள் முழுக்க ஒரு கல்லில் ஒட்டிக்கொண்டு கடலைத் தன்னூடே ஓடவிடும் உயிர். அதைத் துள்ளிக் குதிக்கும் பயலாக்கியதில் இயல்பு கெட்டுவிட்டதாகச் சிலர் சொல்லலாம். எனக்கு அப்படிப் படவில்லை. கடை ஜன்னல் வழியாக ஆர்டர் சீட்டு வருகிறது, தட்டு போகிறது, அடுப்பைவிட்டு அவன் நகர்வதில்லை. பஞ்சுயிரிதான்.

என்னோடு படித்தவர்களில் பலர் இன்று ஸ்ரீ சிட்டியில் ஷிஃப்டு பார்க்கிறார்கள். ஏ.சி., கார், மெட்ரோ ரயில் பெட்டி, சாக்லேட் என்று என்னென்னவோ அங்கே தயாராகின்றன. விடியற்காலையில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். "அவனுக்கு வேலைன்னா உயிருடா, எனக்கு எங்க?" என்றான். தொடரைச் சரியாகப் புரிந்துகொண்டவன் அவன்தான். வேலையை வெறுக்கும் ஸ்குவிட்வர்ட் கல்லாவில், வேலையே உலகம் என்றிருப்பவன் அடுப்பில், இருவருக்கும் சம்பளம் கொடுக்க மனசில்லாத முதலாளி தன் அறையில். பெரியவர்கள் பார்த்தும் சிரிக்கிறார்கள் என்றால் காரணம் கடல் அல்ல.

2010இல் வந்த ‘ஆக்டோநாட்ஸ்’ இதற்கு நேரெதிர். பிரிட்டிஷ் குழந்தைகளுக்கான தொடர். அத்தியாயத்துக்கு ஓர் உண்மையான கடலுயிரி, முடிவில் அதைப் பற்றிப் பாட்டாக ஓர் அறிக்கை. பிள்ளைகள் அதிலிருந்து கற்பது ஏராளம். ஆனால் அதில் கப்பல் தலைவர் பனிக்கரடி, துணைவன் பூனை, மருத்துவர் பெங்குவின். கடலில் பிறந்து கடலிலேயே வாழ்பவை பெரும்பாலும் நோயாளிகளாக வருகின்றன. தகவலில் அது மேல்; கடலுயிருக்கு ஆளுமை கொடுத்ததில் ஹில்லன்பர்க்கே மேல் என்பது என் கட்சி.

*

ஹில்லன்பர்க்கின் தொடரில் எனக்கு உறுத்தியது கரை. ஸ்பாஞ்ச்பாப்பின் கடலுக்குக் கரையே இல்லை. மேலே ஒரு தீவைக் காட்டுவார்கள், தென்னை ஆடும், அவ்வளவுதான். அங்கே யார் இருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்ற கேள்வி எழாது.

என் நினைவில் நிற்கும் இரண்டு இடங்களில் கரை உள்ளே வருகிறது. ஒன்று, தூண்டில் முட்கள் இறங்கும் அத்தியாயம். பஞ்சுக்கும் நட்சத்திரத்துக்கும் அது திருவிழா ராட்டினம். முள்ளைப் பிடித்துக்கொண்டு மேலே போய்ப் போய்க் குதிக்கிறார்கள். போனால் டின்னில்தான் அடைபடுவாய் என்று முதலாளி நண்டு நடுங்கிக்கொண்டு எச்சரிக்கிறார். முள்ளின் மறுமுனையில் இருப்பவன் முகம் இல்லாதவன்.

இன்னொன்று இதைவிடக் கனமானது. ஸ்குவிட்வர்ட் அறியாமல் ஒரு வெடிகுண்டை இனிப்புப் பணியாரம் என்று வாங்கிவரும் கதை. கடைசியில் குண்டு வெடிக்கிறது. கார்ட்டூன் சட்டென்று நின்று, உண்மையான பழைய படத்துண்டு ஒன்று ஓடுகிறது: கடலிலிருந்து எழும்பும் ராட்சத நீர்த்தூண். சிறுவயதில் அதைப் பார்த்துச் சிரித்தேன். அது 1946 ஜூலை 25 அன்று பிகினி பவளத்தீவின் காயலுக்குள், நீருக்கடியில், அமெரிக்கா வெடித்த பேக்கர் அணுகுண்டு. தொடரின் ஊர் பெயர் பிகினி பாட்டம்; அதாவது அந்தக் காயலின் அடி.

அதே ஆண்டு மார்ச் மாதத்தில்தான் பிகினி மக்கள் 167 பேரை அமெரிக்கக் கடற்படை கப்பலில் ஏற்றி ரோங்கரிக் தீவில் இறக்கியிருந்தது. மனிதகுல நன்மைக்காகக் கொஞ்ச நாளைக்கு என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். 1958 வரை பிகினியில் 23 குண்டுகள் வெடித்தன. 1954 மார்ச் 1 அன்று வெடித்த பிராவோ மட்டும் 15 மெகாடன். அதன் சாம்பல் பக்கத்துத் தீவு மக்கள் மேலும், தூரத்தில் சூரை பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மேலும் விழுந்தது. 1970களில் சிலர் திரும்பி வந்து குடியேறினார்கள். உடம்பில் கதிரியக்கம் ஏறுவது தெரிந்து 1978இல் மறுபடி வெளியேற்றப்பட்டார்கள்.

மானுடவியலாளர் ஹோலி பார்க்கர் 2019இல் பசிபிக் ஆய்விதழ் ஒன்றில் இதைத்தான் எழுதினார்: சொந்தக்காரர்களை வெளியேற்றிய காயலுக்குள் ஓர் அமெரிக்கக் கடைத்தெருவைக் குடிவைத்து, அதையே உலகக் குழந்தைகளின் நினைவில் ‘பிகினி’ என்று பதித்துவிட்டார்கள் என்று. குழந்தைக் கார்ட்டூனில் போய்க் காலனியத்தைத் தேடுகிறாரே என்று செய்தி ஊடகங்களில் அவரைக் கிண்டல் செய்தார்கள். அவருடைய எல்லா வாதமும் எனக்கு ஒப்புதல் இல்லை. மஞ்சள் பஞ்சு யாரையும் ஆக்கிரமிக்கப் புறப்பட்டதாக நினைக்க முடியவில்லை. ஆனால் அந்த நீர்த்தூணுக்குச் சிரித்தவன் என்ற முறையில் கிண்டல் செய்தவர்களோடு சேரவும் முடியவில்லை.

*

பிகினியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த வாரம் ஒருநாள் மாலை தடாவைத் தாண்டிக் கிழக்கே, பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரைக்குப் போனேன். ஏரி என்கிறோம், உண்மையில் அது காயல். ஆரணி ஆறும் காளங்கியும் ஒருபக்கம் நன்னீர் தர, முகத்துவாரம் வழியாகக் கடல் உப்பு தரும். மழைக்காலத்தில் ஒரு நீர், கோடையில் வேறு நீர். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர்க் காயல் இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில். எதிர்க்கரையில் நீளமாக ஒரு கருங்கோடு தெரியும். அது ஸ்ரீஹரிகோட்டா.

கடலுக்கும் காயலுக்கும் நடுவே மணல்திட்டாக நீண்டு கிடக்கும் தீவு. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்தே சென்னைக்கு விறகு போன காடு. அங்கே யானாதிப் பழங்குடியினர் வாழ்ந்தார்கள். தேன் எடுப்பது, கிழங்கு தோண்டுவது, மூலிகை, மீன், நண்டு என்று அந்தக் காட்டையும் காயலையும் அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுதிகளில் அவர்களைப் பற்றி நீண்ட குறிப்பு உண்டு. 1969இல் ராக்கெட் தளத்துக்கு இந்தத் தீவு தேர்வானது. கிழக்கே திறந்த கடல் இருப்பதும், பூமத்திய ரேகைக்கு ஓரளவு பக்கம் இருப்பதும், ஆள் நடமாட்டம் குறைவு என்பதும் காரணங்கள். 1971 அக்டோபர் 9 அன்று ஒரு சிறிய ரோகிணி ராக்கெட் முதலில் கிளம்பியது. யானாதிக் குடும்பங்கள் இடம் மாற்றப்பட்டன.

பிகினியையும் ஸ்ரீஹரிகோட்டாவையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். அங்கே குண்டு, இங்கே செயற்கைக்கோள். புயல் எச்சரிக்கை கிடைத்துக் கரை திரும்பும் மீனவருக்கு அதன் பயன் தெரியும். அங்கே தீவு நஞ்சானது. இங்கே வெளியாள் நுழையாததால், சோழமண்டலக் கரையில் மற்ற இடங்களில் அழிந்துபோன உலர் பசுமைமாறாக் காட்டின் பெரிய துண்டு ஒன்று பிழைத்துக் கிடக்கிறது. பயன்பட்ட வார்த்தை மட்டும் ஒன்று: ஆளில்லாத இடம். காயலுக்கு அப்பால் இருக்கும் மணல்தீவு, தூரத்திலிருந்து வரைபடம் விரிப்பவர் கண்ணுக்கு எப்போதுமே ஆளில்லாமல்தான் தெரிகிறது. கார்ட்டூனில் தென்னை மட்டும் ஆடும் அந்தத் தீவைப் போல.

காயலில் ஆளுக்குக் குறைவில்லை. தெற்கே பழவேற்காட்டுப் பக்கம் ‘பாடு’ என்ற முறை உண்டு. வலை கட்டத் தோதான நீர்ப்பகுதிகள் எவருக்கும் நிரந்தரச் சொந்தம் இல்லை. உரிமையுள்ள குடும்பங்கள் முறைவைத்து மாறி மாறி இறங்கும். இன்று நல்ல பாடு கிடைத்தவருக்கு நாளை மட்டமானது. மடவை, கொடுவா, கிழங்கான், வெள்ளை இறால் எல்லாம் இந்தக் கணக்குக்குள் வரும். பாடு முறையில் பங்கில்லாதவர்கள் வலையில்லாமலே இறங்குகிறார்கள். இருளர் பெண்கள் இடுப்பளவு, முழங்காலளவு நீரில் உட்கார்ந்தவாக்கில் நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். பனையோலையில் பின்னிய பறியின் வாயைப் பல்லில் கடித்திருப்பார்கள். கை இரண்டும் சேற்றில் அல்லவா இருக்கிறது. பிடித்ததும் தாடைக்குக் கீழே தொங்கும் பறிக்குள் போடுவார்கள். பேச முடியாது, பாட முடியாது. கழுத்து வலி என்ன பாடு படுத்தும் என்று யோசித்தால் நமக்கே வலிக்கும். கையை முள்ளுக்கும் ஓட்டுக்கும் கொடுத்துக் கொடுத்து விரல் நுனிகளெல்லாம் கீறல்.

பூநாரைகளும் இதே சேற்றில்தான் நிற்கின்றன. தலையைக் கவிழ்த்து, அலகை மேல்கீழாகத் திருப்பி நீரை உறிஞ்சி, அலகோர வரிகளில் வடிகட்டி, நுண்ணுயிர்களை மட்டும் விழுங்கும். பஞ்சுயிரி செய்வதையே பறவை நடந்துகொண்டு செய்கிறது. அதன் இளஞ்சிவப்பு பிறவி நிறமன்று. தின்ற பாசியிலும் சின்னக் கணுக்காலிகளிலும் இருந்த நிறமி இறகில் ஏறியது. கார்ட்டூனில் வரும்போதெல்லாம் தோற்று நசுங்கும் பிளாங்க்டன், சூளூர்பேட்டைப் பூநாரைத் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வருவதற்கே காரணமாக இருக்கிறான். அவனில்லாமல் இறால் இல்லை, மடவைக் குஞ்சு இல்லை, பறி இல்லை.

*

ஸ்ரீ சிட்டிக்குள் பால்ஸ் ப்ளஷ் என்றொரு தொழிற்சாலை துணிப் பொம்மைகள் தைத்து ஏற்றுமதி செய்கிறது. இந்தத் தொழிலில் பொம்மை பிறப்பதே தலைகீழாகத்தான். அச்சு வைத்து வெட்டிய புசுபுசுத் துணியை உள்பக்கம் வெளியே தெரியத் தைப்பார்கள். பிறகு ஒரு சின்ன வாய் வழியாகக் காலையும் வாலையும் இழுத்துப் புரட்டி நேராக்குவார்கள். கண் என்பது பிளாஸ்டிக் குமிழ். பின்னால் வளையம் கொடுத்து அழுத்தி மாட்ட வேண்டும், குழந்தை பிய்த்து வாயில் போட்டுவிடாமல். அதற்குப் பிறகு குழாயில் பாலியெஸ்டர் பஞ்சு அடித்து, வாயைக் கையால் தைத்து மூடி, உடைந்த ஊசித்துண்டு ஏதும் உள்ளே சிக்கியிருக்கிறதா என்று உலோகம் கண்டுபிடிக்கும் எந்திரத்தில் ஓடவிடுவார்கள். டால்பினோ சுறாவோ ஆக்டோபஸோ, உலகின் துணிக் கடல்விலங்குகள் எல்லாம் இந்த வழியில்தான் வருகின்றன. அவற்றுக்கு எத்தனை கால் என்பதை வாங்குபவர் அனுப்பும் மாதிரி முடிவு செய்யும். எங்கள் பகுதிப் பெண்கள் தையலில் கைதேர்ந்தவர்கள். காயல் இங்கிருந்து எட்டிவிடும் தூரத்தில் இருக்க, கடலுயிர் பொம்மைக்கு மாதிரி எங்கிருந்தோ வருவது ஏனோ எனக்கு விளையாட்டாகவும் வருத்தமாகவும் இருக்கிறது. மடவை மீனுக்குத் துணிப் பொம்மை யாரும் இதுவரை கேட்டதில்லை போல.

நம்மிடம் நீர்வாழ் விலங்குகள் பேசும் கதைக்குப் பஞ்சமில்லை. குளம் வற்றப்போகிறது என்று மீன்களை ஏமாற்றித் தின்ற கொக்கின் கழுத்தை நண்டு கத்தரித்த பஞ்சதந்திரக் கதை எல்லாருக்கும் தெரியும். அதில் குளத்துக்குக் கரை உண்டு. கொக்கு நிற்பதே கரையில்தான். கதையும் கரையிலேதான் முடிகிறது. டிவிக்கு என்று வந்தபோது 2003இல் ‘தெனாலி ராமன்’ வந்தார், 2008இல் ‘சோட்டா பீம்’ வந்தான். அரண்மனை வந்தது, கிராமம் வந்தது, லட்டு வந்தது. உப்பங்கழி வரவில்லை. ஹில்லன்பர்க் வற்றத்தில் கால் நனைத்து நின்றவர் என்பதால் அவருடைய கடலில் உடம்புகள் சரியாக இருந்தன. கரையை மட்டும் அவர் வரையாமல் விட்டார். 2018 நவம்பரில், 57 வயதில், தசைகள் ஒவ்வொன்றாய்ச் செயலிழக்கும் நரம்பு நோயில் அவர் இறந்துபோனார்.

விடுமுறையில் அக்கா மகளைப் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போனேன். டச்சுக்காரர் கல்லறைகளை அவள் சட்டை செய்யவில்லை. படகுத்துறைப் பக்கம் நண்டு எடை போடும் கொட்டகை ஒன்றில் நின்றுவிட்டாள். கழி நண்டு, உயிரோடு சிங்கப்பூர் வரைக்கும் போகும் சரக்கு. கொடுக்குகளைக் கயிற்றால் மடக்கிக் கட்டி வைத்திருந்தார்கள். வாங்குபவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கவிழ்த்து, அடிவயிற்று ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துவார். கல்லாக இருந்தால் தராசுக்குப் போகும். விரலுக்கு ஓடு லேசாக அமுங்கினால் பக்கத்துக் கூடைக்கு.

அது ஏன் தனியாக என்று அவள் கேட்டாள். ஓடு கழற்றிப் புது ஓடு போட்டுக்கொண்ட நண்டு, உள்ளே இன்னும் சதை கட்டவில்லை, தண்ணிதான் இருக்கும் என்று அவர் சொன்னார். அவள் என் சட்டையை இழுத்தாள். "மாமா, க்ராப்ஸுக்கும் ஒருவாட்டி ஓடு கழண்டுரும். வெக்கமா இருக்குன்னு வெளியவே வரமாட்டாரு."

எனக்கும் அந்த அத்தியாயம் ஞாபகம் இருந்தது. கொட்டகைக்காரருக்கு யார் க்ராப்ஸ் என்று தெரியவில்லை, கேட்கவும் இல்லை. அடுத்த நண்டை அழுத்திப் பார்த்துக் கூடையில் போட்டார்.

"தண்ணி நண்டும்மா. பாதி வெலதான்."